எட்டு ஆண்களும் ஒரு ஸ்காட்லாந்து ஆட்டமும்

திருமலைக்கு மொட்டை போடப் போன மூன்று நாள் விடுப்பில்தான் என் பெயரை எழுதிவிட்டார்கள். வராதவன் தலையில் வேலையைக் கட்டுவது எங்கள் கம்பெனியில் வழக்கம். அந்தத் தலையில் மயிர் இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. திங்கட்கிழமை காலையில் சந்தனம் பூசிய மண்டையோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நோட்டீஸ் போர்டைப் பார்த்தால், 'ஆண்டு விழா, ஸ்காட்டிஷ் டான்ஸ்' என்ற வரிக்குக் கீழே, ஸ்டோர்ஸ் பிரிவுக்கு நேராக என் பெயர் இருந்தது.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. சத்தியவேட்டுக்குப் பக்கத்துக் கிராமம். ஸ்ரீ சிட்டியில் வண்டிகளுக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். அதுவரை என் வாழ்க்கையில் நான் ஆடியது ஒரே ஒரு முறைதான். அது என் பெரியப்பாவின் சாவு ஊர்வலத்தில், பறைக்கு முன்னால். அன்று நான் ஆடியதைப் பார்த்துவிட்டு, செத்தவருக்கே எழுந்து உட்கார்ந்து 'போதும்டா' என்று சொல்லத் தோன்றியிருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஹெச்.ஆர். மேனேஜரிடம் போய்க் கேட்டேன். திருப்பதிக்காரர், தெலுங்கர், என்னோடு தமிழில் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு. விஷயம் இதுதான்: வெளிநாட்டிலிருந்து டைரக்டர் ஒருவர் ஆண்டு விழாவுக்கு வருகிறார். ஸ்காட்லாந்துக்காரர். அவரைச் சந்தோஷப்படுத்த என்ன செய்யலாம் என்று மீட்டிங்கில் பேசியிருக்கிறார்கள். அப்போது கம்பெனி மருத்துவ அறையில் இருக்கும் சிஸ்டர், தான் பதினோரு வருஷம் ஸ்காட்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருந்ததையும், வியாழக்கிழமைதோறும் அங்கே சர்ச் ஹாலில் நடக்கும் ஆட்டத்துக்குப் போனதையும் சும்மா ஒரு தகவலாகச் சொல்லிவைத்திருக்கிறார். மீட்டிங்கில் சும்மா தகவல் சொன்னவருக்கு என்ன ஆகுமோ அதுதான் அவருக்கும் ஆனது. ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அவருடையது.

"என்னால முடியாது சார். எனக்கு முட்டி வலி," என்றேன்.

"முட்டி வலிக்கு சிஸ்டர்கிட்டதான போவணும்? அவங்கதான் டீச்சர். ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிரும்," என்றார்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் முதல் வகுப்பு. மேசைகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். மத்தியானச் சாம்பார் வாசனையும் பினாயில் வாசனையும் ஒன்றையொன்று ஜெயிக்கப் பார்த்துக்கொண்டிருந்தன. வந்தது எட்டுப் பேர். எட்டும் ஆண்கள். லைனில் நின்று ஒயர் கட்டுகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள்தான். ஆனால் இந்த ஆட்டத்தில் கையைப் பிடிக்க வேண்டும் என்ற செய்தி எங்களுக்கு முன்பே பஸ் ஏறி சூளூர்பேட்டை வரைக்கும் போய்விட்டது. ஒருத்தியும் பெயர் கொடுக்கவில்லை.

சிஸ்டர் கோட்டயத்துக்காரர். கணவருக்குத் திருப்பதியில் வேலை. ஐம்பது வயது இருக்கும், குள்ளமான உருவம், ஊசி போடும்போது அசையக்கூடாது என்பதற்கு 'அனங்காதீங்க' என்று சொல்கிற அதே குரல்தான் எல்லாவற்றுக்கும். எங்களை வரிசையாக நிற்கவைத்து மேலும் கீழும் பார்த்தார்.

"நாலு ஜோடி வேணும். நாலு பேரு ஜென்ட்ஸ், நாலு பேரு லேடீஸ்."

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஓர் அடி பின்னால் வைத்தோம்.

"யாரு சிஸ்டர் லேடீஸ்?" என்று எங்களில் ஒருவரான அக்கவுன்ட்ஸ்காரர் மெதுவாகக் கேட்டார்.

"உயரம் குறைஞ்சவங்க."

நான் ஐந்தடி இரண்டங்குலம். மற்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்த விதத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. யார் ஆண், யார் பெண் என்று குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, சிஸ்டர் குவாலிட்டி பிரிவிலிருந்து சீட்டுகள் வாங்கிவந்திருந்தார். சரியான பாகத்துக்குக் கட்டுகிற பச்சைச் சீட்டு ஆண்களுக்கு. சிவப்பு எங்களுக்கு. அதில் 'ரிஜெக்ட்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. மொட்டை மண்டை, தொப்பை, நெஞ்சில் ரிஜெக்ட் சீட்டு. ஸ்காட்லாந்துப் பெண்மணி தயார்.

எனக்கு ஜோடியாக வந்தவன் நாயுடுபேட்டைக்காரன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஆறடி. ஒரு டன் சரக்கைக் கண்ணாடி போல இறக்கிவைப்பான், ஆனால் ஒரு மனிதனின் கையைப் பிடிக்கச் சொன்னால் உதறல் எடுத்துவிடும். என்னுடைய கையைத் தொட்டதும் தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னா, சிக்குகா உந்தி," என்றான். வெட்கமாக இருக்கிறதாம்.

"உனுக்கு இன்னாடா வெக்கம்? பொம்பளயா நிக்கறது நானு," என்றேன்.

ஆட்டத்தின் அமைப்பு பார்க்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, எதிரெதிரே. முதல் ஜோடி நடுவில் வந்து கைகோத்துச் சுற்ற வேண்டும், கீழே போக வேண்டும், மேலே வர வேண்டும், வரிசையின் வெளிப்பக்கமாக நழுவி ஓர் இடம் இறங்க வேண்டும். எல்லாம் எட்டு எட்டு எண்ணிக்கைக்குள். எட்டு முடியும்போது யார் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்க வேண்டும். எண்ணுவது எனக்குப் பிரச்சினையே இல்லை. ஸ்டோர்ஸில் இருபது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். ஆனால் அங்கே பெட்டிகள் ஓடாமல் ஓரிடத்தில் இருக்கும்.

நடையும் சாதாரண நடை இல்லை. முதலில் ஒரு சின்னத் தத்தல், பிறகு மூன்று அடி, மறுபடி தத்தல். நுனிக்காலில். சிஸ்டர் செய்து காட்டியபோது அந்தக் குட்டி உருவம் தரையைத் தொட்டும் தொடாமலும் கேன்டீனின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது. நாங்கள் செய்தபோது தட்டுகள் அடுக்கியிருந்த ரேக் கடகடவென்று ஆடியது. காரணம், எல்லோரும் சேஃப்டி ஷூவில் இருந்தோம். முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ. ஒவ்வொன்றும் ஒரு சின்ன அம்மிக்கல்.

"அய்யோ சாரே, இது ஆட்டமா, களம் மிதிக்கறதா?" என்றார் சிஸ்டர்.

"இது நம்ம கோலாட்டம்தானே சிஸ்டர்," என்று அக்கவுன்ட்ஸ்காரர் நம்பிக்கையோடு சொன்னார். அடுத்த சில வாரங்களில் எங்களைப் பார்த்த எல்லோரும் இதையே சொன்னார்கள். அது யாருக்கும் ஒரு பைசா உபயோகப்படவில்லை. எங்களில் ஒருவருக்கும் கோலாட்டமும் தெரியாது.

அதே அக்கவுன்ட்ஸ்காரரால் இன்னொரு சிக்கலும் வந்தது. நான்கு பேர் நடுவில் வலது கைகளை நட்சத்திரம் போலச் சேர்த்துச் சுற்ற வேண்டும். பிறகு திரும்பி, இடது கைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். வலது சுற்று முடிந்தது. இடது கை என்றதும் மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எடக்கைய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன் சிஸ்டர். யாரு எடக்கையும் எனக்கு வேணாம்."

உண்மையைச் சொன்னால் எங்கள் எல்லோருக்கும் அந்தத் தயக்கம் இருந்தது, அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். சிஸ்டர் நர்ஸ் அல்லவா. எட்டுப் பேரையும் கை கழுவும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்க்கவைத்து, இடது கையை மட்டும் இரண்டு தடவை கழுவவைத்துத் திருப்பி அழைத்துவந்தார். "இப்ப எல்லா கையும் ஒரே கைதான். சுத்துங்க." சுற்றினோம். இன்றைக்கும் இடது கை நீட்டும்போது எனக்கு அந்த மஞ்சள் சோப்பு வாசனைதான் வருகிறது.

மூன்றாவது வாரம் ஃபோர்க்லிஃப்ட்காரன் என் காலை மிதித்தான். இரும்பு முனை நேராகக் கட்டைவிரலில் இறங்கியது. அப்போதுதான் அடி நன்றாக வரவேண்டும் என்று என் ஷூவை மட்டும் கழற்றிவைத்திருந்தேன். கண்ணில் பொறி பறந்து நான் கெட்ட வார்த்தை சொன்னேன். சிஸ்டரின் போனில் பாட்டு தாளம் தப்பாமல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சிஸ்டர் ஆட்டத்தை நிறுத்தி, டீச்சரிலிருந்து நர்ஸாக மாறி, கட்டுப்போட்டார். அதோடு விட்டிருக்கலாம். கம்பெனிக்குள் யாருக்கு அடிபட்டாலும் விபத்துப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும் என்று எழுதிவிட்டார். 'எப்படி அடிபட்டது' என்ற இடத்தில் 'டான்ஸ்'.

திங்கட்கிழமை சேஃப்டி ஆபீசர் விசாரணைக்கு வந்தார். எங்கள் கம்பெனியில் எந்தத் தப்பு நடந்தாலும் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு அடிவேரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது விதி.

"ஏன் அடிபட்டது?"

"மிதிச்சிட்டான் சார்."

"ஏன் மிதிச்சாரு?"

"நான் அங்க நின்னுகினு இருந்தேன்."

"ஏன் அங்க நின்னீங்க?"

"நான் லேடீஸ் சார்."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மிச்சமிருந்த இரண்டு 'ஏன்'களையும் அவர் கேட்கவில்லை. 'ஆடுபவர்கள் வெறுங்காலோடு ஆட வேண்டும்' என்று தடுப்பு நடவடிக்கை எழுதிக்கொண்டு போனார். அதன் பிறகுதான் ஆட்டம் கொஞ்சம் ஆட்டம் போலவே ஆனது. எனவே என் நகம் கறுத்து விழுந்தது வீண்போகவில்லை.

வீட்டில் நான் ஓவர்டைம் என்று சொல்லிவைத்திருந்தேன். என் மனைவி எங்கள் ஊர் அங்கன்வாடியில் டீச்சர். லைனில் வேலை செய்யும் பெண்கள் சிலரின் பிள்ளைகள் அவளிடம்தான் வருகின்றன. அவளிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, கம்பெனில உங்கள பொம்பளயா ஆக்கிட்டாங்களாமே. மெய்யாலுமா?"

"யாரு சொன்னது?"

"ஊரே சொல்லிகினு கீது. ரிஜெக்ட்டுனு நெஞ்சுல வேற எழுதி ஒட்டிகீறாங்களாம்."

நான் சோற்றைப் பிசைந்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். தட்டைக் கழுவும்போது சிரித்தாள். மத்தியானம் படுத்தவள் தூக்கத்தில் குலுங்கினாள். சாயங்காலம் ஒருவழியாக ஓய்ந்து, "சரி, எங்க, ஆடிக் காட்டுங்க," என்றாள்.

ஒருத்தனாக எப்படி ஆடிக் காட்டுவது? எதிரே ஆள் வேண்டும். நான் கற்றிருந்தது பெண் பக்கம் மட்டும்தான். ஆகவே அவள் ஆணாக நிற்க வேண்டியதாயிற்று. பின்கட்டில், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், போனில் பாட்டைப் போட்டு ஆரம்பித்தோம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். தாலி கட்டிய அன்று சுண்டுவிரலைக் கோத்து நடந்ததற்குப் பிறகு நாலு பேர் பார்க்க நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டதில்லை. இப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டவந்த பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க, என் மனைவி என் இரண்டு கையையும் பிடித்து என்னைச் சுற்றோ சுற்று என்று சுற்றினாள். கால்மணி நேரத்தில் அவளுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. எனக்கு ஐந்து வாரம் ஆனது அது.

"எப்பட்றி?" என்றேன்.

"முப்பது கொயந்தைங்கள வட்டமா நிக்க வெச்சி, ஒண்ணு மேல ஒண்ணு வுயாம சுத்த வுடுறேன். அதுல பாதி மூத்தரம் போய்க்கினு சுத்தும். இது இன்னா பெரிய வித்த?"

எங்கள் மகள் இதைப் படமெடுத்துத் தன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். புத்தூரில் அண்ணன் வீட்டிலிருந்த என் நைனா மறுநாள் காலையிலேயே போன் செய்தார். "இன்னாடா, பேய் கீய் புட்ச்சிக்கிச்சா? அவ ஓட்டுறா, நீ ஓடுற?" நான் விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி, முட்டி வலி எப்படி கீது?" என்றார். அப்போதுதான் கவனித்தேன். முட்டி வலிக்கவில்லை.

ஆண் பக்கம் தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் சிஸ்டர் அடுத்த சனிக்கிழமையே அவளை அழைத்துவரச் சொல்லிவிட்டார். அவள் நெஞ்சில் பச்சைச் சீட்டு. அவளைப் பார்த்துவிட்டு அதற்கடுத்த வாரம் லைனிலிருந்து ஏழு பெண்கள் வந்தார்கள். ஒரு மனைவி வந்து நின்றால் அது குடும்ப விஷயம் ஆகிவிடும்போலிருக்கிறது. கையைப் பிடிப்பது பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. ஃபோர்க்லிஃப்ட்காரனுக்கு உண்மையான பெண் ஜோடியாகக் கிடைத்தாள். அவன் அன்றைக்குத் தப்பில்லாமல் ஆடினான். ஆனால் அவள் முகத்தைத்தான் பார்க்கவில்லை. ஆட்டம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டே ஆடினான்.

பெண்கள் வந்ததும் சிவப்புச் சீட்டு ஆண்களுக்கு விடுதலை கிடைக்கும் என்று நினைத்தோம். முடியாது என்றார் சிஸ்டர். விழாவுக்கு இன்னும் இரண்டு வாரம்தான். உடம்பு ஒரு பக்கம் பழகிவிட்டது, இனிமேல் மாற்றினால் எல்லோரும் மண்டையில் மோதிக்கொள்வோம். அப்படியாக எங்கள் அணி முடிவானது: நான்கு ஜோடியில் மூன்று ஜோடிகளில் பெண்கள் ஆண்களாக, ஆண்கள் பெண்களாக. நான்காவது ஃபோர்க்லிஃப்ட்காரனும் அவன் ஜோடியும்; மிச்சப் பேர் மாற்று ஆட்கள். ஒத்திகை பார்க்கவந்த ஹெச்.ஆர். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். தெலுங்கில் ஆரம்பித்தார், அதாவது கோபம். டைரக்டர் என்ன நினைப்பார், கம்பெனி மானம் என்ன ஆவது என்று ஓடியது. சிஸ்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அங்கயும் ஆள் குறைஞ்சா இப்படித்தான் சார். எண்பது வயசு பாட்டிமாரு எல்லாம் ஜென்ட்ஸா ஆடுவாங்க. உங்களுக்கு வேணும்னா நீங்க வந்து லேடீஸா நில்லுங்க, ஒரு ஜோடிய மாத்திக்கலாம்," என்றார். மேனேஜருக்கு உடனே வேறு மீட்டிங் ஞாபகம் வந்துவிட்டது.

ஆண்டு விழா திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிறு காலையில். முந்தைய நாள் முகூர்த்தத்தின் தெர்மாகோல் இதயம் ஒன்று மேடைச் சுவரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலி ஒன்றில் டைரக்டரை உட்காரவைத்திருந்தார்கள். ஒல்லியான மனிதர், அறுபது வயது, கழுத்தில் ரோஜா மாலை, வெயிலில் சிவந்த மூக்கு. பெண் வீட்டார் இன்னும் வராத மாப்பிள்ளைபோல இருந்தார்.

எங்கள் முறை வந்தது. வெறுங்கால், வேட்டி, நெஞ்சில் சிவப்புச் சீட்டு. இரண்டு மாதத்தில் தலையில் முள் முள்ளாக முடி. முதல் ஆட்டம் ஆரம்பித்தது. எட்டு எண்ணினேன், மறுபடி எட்டு. மூன்றாவது எட்டிலோ நான்காவதிலோ எண்ணுவதை மறந்துவிட்டேன். நடுவில் என் மனைவியின் கை வந்தது, பிடித்தேன். வெளியே திரும்பினேன், அக்கவுன்ட்ஸ்காரரின் இடது கை காத்திருந்தது, பிடித்தேன். நான் போக வேண்டிய இடம் எனக்கு முன்பே காலியாகி எனக்காகத் திறந்திருந்தது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றோம். பாட்டும் அங்கேயே முடிந்தது. இருபது வருஷ ஸ்டோர்ஸ் வாழ்க்கையில் எனக்கு இருப்பு ஒருநாளும் இவ்வளவு சரியாக வந்ததில்லை. கைதட்டலைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. என் மனைவிக்கு மூச்சு வாங்கியது. என் கையை விட மறந்திருந்தாள்.

இரண்டாவது ஆட்டத்தையும் இப்படியே முடித்திருக்கலாம். ஹெச்.ஆர். மேனேஜர் மைக்கைப் பிடித்து, அடுத்த ஆட்டத்தில் டைரக்டரும் கலந்துகொள்வார் என்று அறிவித்துவிட்டார். டைரக்டரின் மூக்கைத் தவிர மற்ற இடமெல்லாம் வெளுத்தது. சிஸ்டர் பக்கத்தில் போய் அவரோடு பேசிவிட்டு எங்களிடம் வந்தார்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. சின்ன வயசுல ஸ்கூல்ல கட்டாயமா ஆடவைப்பாங்களாம். பொண்ணுங்க கையப் பிடிக்க பயந்து, டான்ஸ் பீரியட் வந்தாலே கக்கூஸ்ல போய் ஒளிஞ்சுக்குவாராம்."

"நம்மாளுதான்," என்றார் அக்கவுன்ட்ஸ்காரர்.

ஃபோர்க்லிஃப்ட்காரன் இந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை, தன் பச்சைச் சீட்டைக் கழற்றி டைரக்டரின் கோட்டில் குத்திவிட்டு மறைந்துவிட்டான். இரண்டாவது ஆட்டம் வேகமானது. பெண்ணாக ஆடுகிறவர், ஆண்கள் வரிசையில் ஒவ்வொருவரோடும் இடது முழங்கையைக் கோத்து ஒரு சுற்று சுற்றிக்கொண்டே இறங்க வேண்டும். நான் இறங்கினேன். டைரக்டர் வலது முழங்கையை நீட்டினார். "லெஃப்ட் சார், லெஃப்ட்," என்று கத்தினேன். அவர் இரண்டையும் நீட்டினார். கோத்துச் சுற்றினேன், சுற்றிவிட்ட வேகத்தில் அவர் பெண்கள் வரிசைக்குப் போய் அங்கிருந்து மேடை ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். மேடைக்குக் கீழே குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன.

என் மனைவி தன் இடத்தை விட்டு ஓடினாள். அவரை இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினாள். திருப்பினாள். தள்ளிக்கொண்டு வந்து அவர் இடத்தில் வைத்தாள்.

"இங்க நில்லு கண்ணு. நவுராத."

எத்தனையோ நாட்டில் கம்பெனி நடத்துகிற மனிதர், ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவர், நவுராமல் நின்றார். அடுத்த தடவை நான் வந்தபோது சரியான கையை நீட்டினார். அதற்கடுத்த தடவை சிரித்துக்கொண்டே நீட்டினார். முடிவில் மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ் மேடை முழுக்கக் கிடந்தது. அவர் இன்னொரு தடவை ஆட வேண்டும் என்றார். ஹெச்.ஆர். மேனேஜர் சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லிப் பார்த்தார். டைரக்டர் ஆடிவிட்டுத்தான் போனார்.

சாப்பாட்டுப் பந்தியில் அவர் எங்கள் எதிரே உட்கார்ந்து, சிஸ்டர் மூலமாக என்னிடம் எத்தனை வருஷமாக ஆடுகிறேன் என்று கேட்டார். இரண்டு மாதம் என்றேன். கம்பெனியில் எந்தப் பதவி என்று என் மனைவியைக் கேட்டார். அங்கன்வாடி என்றால் என்ன என்று விளக்க சிஸ்டருக்கு ஒரு அப்பளம் தின்னும் நேரம் ஆனது.

விழா முடிந்த பிறகும் சனிக்கிழமை வகுப்பு நிற்கவில்லை. நோட்டீஸ் போர்டில் எழுதாமலே பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். ஹெச்.ஆர். மேனேஜர் ஒருநாள் வந்து எட்டிப்பார்த்தார், மறுவாரம் ஷூவைக் கழற்றினார். நான் இப்போது ஆண் பக்கம் கற்றுக்கொள்கிறேன். இவ்வளவு நாள் வலப்பக்கம் போன இடத்திலெல்லாம் இடப்பக்கம் போக வேண்டியிருக்கிறது. என் மனைவி எதிர்ப்பக்கத்திலிருந்து, "அங்க இல்ல, இங்க," என்று கண்ணாலேயே ஓட்டுகிறாள். போன வாரம்கூட நான் எல்லோருக்கும் எதிர்த்திசையில் தனியாக ஒரு முழு வட்டம் சுற்றிவந்தேன். நின்று பார்த்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவரவர் அவரவர் தப்பில் மும்முரமாக இருந்தார்கள்.